ஃபோர்டு வீட்டுப் பெண், ஷெவர்லே வீட்டு மாப்பிள்ளை

ஆகஸ்ட் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, காலை ஆறரை மணிக்கு வாண்டா பியெட்ரவ்ஸ்கி வீட்டில் போன் அடித்தது. எடுக்கும் முன்பே யார் என்று அவளுக்குத் தெரியும்.

"எழுந்துட்டியா வாண்டாம்மா? இல்ல, தோக்கப் போற நாளுக்கு எதுக்கு எழுந்திருக்கணும்னு போர்த்திட்டுப் படுத்திருக்கியா?"

"யோவ் விர்ஜில், நான் அஞ்சு மணிக்கே எழுந்து வண்டியைக் குளிப்பாட்டி, துடைச்சு, சீவிச் சிங்காரிச்சு நிறுத்தியிருக்கேன். உன் தையல் மெஷின் கிளம்புமா, இல்ல கயிறு கட்டி இழுத்துட்டு வரணுமா?"

"அந்தத் தையல் மெஷின்தான் போன வருஷம் உனக்கு நீலத் தொப்பி தச்சுப் போட்டுச்சு. மறந்துட்டியா?"

மறக்கக்கூடிய விஷயமா அது. வாண்டா இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். மணிக்கு இருபத்தைந்து மைலுக்கு மேல் போகாத அந்த மஞ்சள் பேருந்தில் அடக்கி வைத்த கால், ஓய்வுபெற்ற மறுமாதமே ஒரு பழைய ஷெவெல்லைத் தேடிப் பிடித்தது. ஷெவர்லே கம்பெனி வண்டி, எழுபதாம் வருஷத்துப் பிறப்பு. ரத்தச் சிவப்பு உடம்பு, மூக்கிலிருந்து முதுகு வரை இரண்டு கறுப்புப் பட்டை. சாவியைத் திருப்பினால் தெருக்கோடி வீட்டுக் கண்ணாடி கிணுகிணுக்கும். சும்மா நிற்கும்போதுகூட அதற்கு நிற்கத் தெரியாது. கட்டிப்போட்ட காளை மாதிரி முன்னும் பின்னும் குலுங்கிக்கொண்டே இருக்கும்.

விர்ஜில் ராட்க்ளிஃப் முடிதிருத்துகிறவன். பெல்ஹேவன் ஊரில் பாதி ஆண்களின் தலை அவன் கையில். அவனிடம் இருந்தது அறுபத்தொன்பதாம் வருஷத்து மஸ்டாங், ஃபோர்டு கம்பெனி வண்டி, கடல் நீலம். ஒன்பது வருஷமாக இதே சனிக்கிழமையில் இருவரும் முப்பது மைல் தள்ளியுள்ள கால் மைல் பந்தயத் தடத்துக்குப் போவார்கள். ஒரு வருஷம் மழை. மீதி எட்டில் ஆளுக்கு நான்கு. தோற்றவர் செப்டம்பர் ஊர்வலத்தில் ஜெயித்தவரின் கம்பெனித் தொப்பியைப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். போன வருஷம் வாண்டா ஃபோர்டு தொப்பியோடு நடந்தபோது, அவள் பேருந்தில் ஏறி இறங்கி வளர்ந்த பிள்ளைகள் எல்லாம் இரண்டு பக்கமும் நின்று கை தட்டினார்கள். ஷெவர்லே தொழிற்சாலையில் வேலை பார்த்த அவள் அண்ணன் ஒரு வாரம் பேசவில்லை.

மிச்சிகனின் அந்தத் தெற்கு மூலையில் அப்படித்தான். எந்தத் தேவாலயத்துக்குப் போகிறாய் என்று பிறகுதான் கேட்பார்கள். முதலில், உங்கள் வீட்டில் என்ன வண்டி.

பத்து மணிக்கு இரண்டு வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. பதினொன்றேகால் மணிக்குள் தடத்தில் பெயர் கொடுத்தாக வேண்டும். நேரம் தாராளமாக இருந்தது. முன்னால் வாண்டா. இரண்டு பக்கமும் சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. விர்ஜில் அவள் வாலைப் பிடித்தாற்போல் வந்து ஹாரன் அடிப்பதும், அவள் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்துவிட்டு விடுவதும், பின்னால் அவன் புகையில் கையை வீசுவதுமாகப் பத்து மைல் போயிற்று. வாண்டாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அறுபத்திரண்டு வயதில் ஒரு மனுஷிக்கு இவ்வளவு சந்தோஷம் ஆகாது என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் சோளத்துக்கு நடுவில் வெள்ளையாக ஏதோ நின்று கையாட்டியது.

மணப்பெண். அவளுக்குப் பின்னால் ஒரு வாடகை வேன், ஒரு பக்கம் சாய்ந்து, சக்கரம் தட்டையாகப் படுத்திருந்தது. வேனைச் சுற்றி ஒரு நடுத்தர வயது அம்மாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். ஓட்டுநர் மாற்றுச் சக்கரத்தை எடுத்துத் தரையில் தட்டிப் பார்த்தார். அதிலும் காற்று இல்லை.

வாண்டா நிறுத்தினாள். விர்ஜிலும் நிறுத்தினான்.

"பதினொரு மணிக்குக் கல்யாணம்ங்க," என்றாள் பெண். பெயர் கரீனா. அழுது முடித்துவிட்டுச் சிரிக்கிற கட்டத்தில் இருந்தாள். "பெல்ஹேவன் கோயில்ல. எல்லாரும் அங்க இருக்காங்க. நான் மட்டும் இங்க சோளத்தோட நிக்கிறேன்."

பெல்ஹேவன். வந்த வழியே பத்து மைல் திரும்ப வேண்டும். மணி பத்து இருபத்தைந்து. வாண்டாவும் விர்ஜிலும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தடத்துக்கு இன்னும் இருபது மைல். இரண்டும் சேர்ந்து நடக்காது.

"ஏறும்மா," என்று வாண்டா கதவைத் திறந்தாள்.

செருப்பைக் கையில் வைத்திருந்த அம்மாள் குறுக்கே வந்து நின்றாள். பெண்ணின் தாய், ஜோலீன். அவள் வாண்டாவைப் பார்க்கவில்லை. வண்டியின் மூக்கில் இருந்த சின்னத்தைப் பார்த்தாள்.

"ஐயோ, இது ஷெவர்லே."

"ஆமாங்க. ரொம்ப நல்ல ஷெவர்லே."

"தப்பா நினைச்சுக்காதீங்க. இவ அப்பா முப்பத்தொரு வருஷம் ஃபோர்டு தொழிற்சாலையில இருந்தவரு. மாப்பிள்ளை வீடு ஷெவர்லே வீடு. இந்தச் சம்பந்தத்துக்கு அவரைச் சம்மதிக்க வைக்கவே எனக்கு எட்டு மாசம் ஆச்சு. இப்ப பொண்ணு ஷெவர்லேயில வந்து இறங்கினா, அந்த மனுஷன் கோயில் வாசல்லயே உக்காந்துடுவாரு."

விர்ஜிலின் முகம் மலர்ந்தது. அவன் மஸ்டாங்கின் கதவை ராஜாவின் வாயிற்காவலன் போலத் திறந்து பிடித்தான். "வாம்மா தாயி. உங்கப்பா மனசு குளிர வந்து இறங்கு."

கரீனா ஏறினாள். அதாவது அவள் ஏறினாள், பாவாடை ஏறவில்லை. உள்ளே கம்பி வளையம் வைத்துத் தைத்த பாவாடை அது. உட்கார்ந்ததும் வளையம் முன்பக்கமாக எழும்பி அவள் முகத்தை மறைத்தது. ஜோலீன் ஒரு பக்கம் அமுக்கினாள். இன்னொரு பக்கம் எழும்பி ஓட்டுநர் இருக்கையை நிரப்பியது. விர்ஜில் அந்த வெள்ளைக் கடலுக்குள் கையை விட்டுத் துழாவினான்.

"கியர் எங்கம்மா போச்சு?"

"அது என் முழங்கால்ங்க," என்றாள் பாவாடைக்குள்ளிருந்து கரீனா.

விர்ஜில் சூடு பட்டவன் போலக் கையை இழுத்துக்கொண்டான். வாண்டா ஷெவெல்லின் மேல் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பின் இருக்கையில் உட்கார வைக்கலாம் என்றால், மஸ்டாங்கின் பின் இருக்கை ஒரு பூனை காலை நீட்டிப் படுக்கிற அளவுதான். ஷெவெல்லின் பின்புறமோ ஒரு சோபா.

"அந்த வண்டியில போறேம்மா," என்றாள் கரீனா மூச்சு வாங்கிக்கொண்டே. "அப்பாவை நான் பாத்துக்கறேன்."

ஆக, பெண் ஷெவெல்லில். ஜோலீன், கணவருக்கு முகம் காட்ட வேண்டுமே என்று, மஸ்டாங்கில்.

வாண்டா வண்டியைத் திருப்பினாள். இருபத்தாறு வருஷம் பிள்ளைகளை ஏற்றிப் பழகியதால் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்து, "எல்லாரும் உக்காந்தாச்சா?" என்று கேட்டாள். வெள்ளை மூட்டைக்குள்ளிருந்து "ஆச்சு" என்று வந்தது. மிதித்தாள். ஷெவெல் முன் சக்கரம் லேசாகத் தூக்கினாற்போல் பாய்ந்தது. பின்னால் ஒரு கூச்சல். பயந்துவிட்டாளோ என்று வாண்டா கண்ணாடியைப் பார்த்தால், பெண் வாயெல்லாம் பல்லாக இருந்தாள்.

"இன்னொரு தடவை பண்ணுங்க," என்றாள்.

இரண்டு மைல் போவதற்குள் பின்னால் சிவப்பு நீல விளக்கு சுழன்றது. போலீஸ். இரண்டு வண்டியும் ஓரம் கட்டின. ஒர்டேகா என்று மார்பில் பெயர் எழுதிய அந்த அதிகாரி தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிதானமாக நடந்து வந்தார். ஷெவெல்லைப் பார்த்தார். மஸ்டாங்கைப் பார்த்தார். பின் இருக்கையைக் குனிந்து பார்த்தார்.

"எத்தனை மணிக்கும்மா?"

"பதினொண்ணுக்கு, சார்."

ஒர்டேகா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வாண்டாவிடம் குனிந்தார். "அம்பத்தஞ்சு மைல். அதுக்கு மேல ஒரு முள் ஏறினாலும் விட மாட்டேன். நான் முன்னால போறேன், என் பின்னாலயே வாங்க." இரண்டு அடி நடந்தவர் திரும்பினார். "ஒண்ணு சொல்லிடறேன். நான் டாட்ஜ் கம்பெனி வண்டிக்காரன். வீட்ல அறுபத்தொன்பதாம் வருஷத்து சார்ஜர் வண்டி நிக்குது. உங்க ரெண்டு பேரையும் பாத்தா எனக்குப் பாவமா இருக்கு."

"யாருய்யா இவன், மூணாவது மதத்துக்காரன்," என்று பின் வண்டியிலிருந்து விர்ஜில் கத்தினான். ஒர்டேகா காது கேட்காதவர் போல் போய் ஏறிக்கொண்டார்.

பத்து ஐம்பத்து மூன்றுக்குக் கோயில் வாசல். படிகளில் இரண்டு கூட்டமாக மனிதர்கள் நின்றிருந்தார்கள், இடது பக்கம் ஃபோர்டு, வலது பக்கம் ஷெவர்லே என்று சொல்லாமலே தெரிந்தது. முதலில் போலீஸ் வண்டி நுழைந்ததும் எல்லோரும் திகைத்தார்கள். அடுத்துச் சிவப்பு ஷெவெல் குலுங்கிக்கொண்டு வந்து நின்றது. கதவு திறந்து பாவாடை முதலில் இறங்கியது, பிறகு கரீனா.

வலது பக்கத்துக் கூட்டம் ஆகாயம் கிழியக் கூவியது. மாப்பிள்ளையின் சித்தப்பன் ஒருவன் தொப்பியைத் தூக்கி எறிந்தான். அது கோயில் மரத்தில் மாட்டிக்கொண்டது.

பெண்ணின் அப்பா டுவைட் படியிலிருந்து அசையவில்லை. மீசை மட்டும் அசைந்தது. பின்னால் நீல மஸ்டாங்கிலிருந்து மனைவி இறங்குவதைப் பார்த்தார்.

"ஏண்டி ஜோலீன், நீ அதுலயும் அவ இதுலயுமா? மாத்தி உக்கார உங்களுக்குத் தோணலையா?"

"உங்க பொண்ணு பாவாடையை ஃபோர்டுல நுழைச்சுக் காட்டுங்க, நான் உங்க காலைக் கழுவறேன்," என்றாள் ஜோலீன், இன்னும் கையில் செருப்போடு.

டுவைட் மகளைப் பார்த்தார். அவள் கையை நீட்டினாள். ஒரு பெருமூச்சு விட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். ஷெவெல்லைக் கடக்கும்போது மட்டும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

வாண்டாவும் விர்ஜிலும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். பாதிரியார் கேள்வி கேட்க, கரீனா பதில் சொல்ல, மோதிரம் மாற, எல்லாம் நல்லபடியாக நடந்தது. விர்ஜில் கண்ணைத் துடைத்தான்.

"என்னய்யா, அழறே?"

"பன்னிரண்டாகப் போகுது. நாம பேர் குடுக்கலையே. அஞ்சாவது தடவை உன் தலையில நீலத் தொப்பி ஏற வேண்டியது, போச்சு."

கோயில் முடிந்து வெளியே வந்ததும்தான் அடுத்த சிக்கல். விருந்து மண்டபம் நான்கு மைல் தள்ளி. மணமக்களை ஏற்றிப் போக வேண்டிய வேன் இன்னும் சோளத்தில். புதுத் தம்பதி யாருடைய வண்டியில் ஏறுவது என்று மாப்பிள்ளையின் சித்தப்பன் ஒரு பேச்சை எடுத்தான், டுவைட் ஒரு பேச்சு பேசினார், இரண்டு கூட்டமும் படியிலிருந்து இறங்கி முன்னால் வந்தது. பாவாடையை மடித்து எப்படியாவது மஸ்டாங்கில் ஏற்றியே தீருவதென்று பெண்வீட்டு மாமாக்கள் நான்கு பேர் கோட்டைக் கழற்றினார்கள். ஒர்டேகா வேலை முடிந்தும் போகவில்லை. போலீஸ் வண்டி மேல் சாய்ந்து, யாரோ கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தார்.

கரீனா மாப்பிள்ளையின் காதில் ஏதோ சொன்னாள். அவன் சிரித்துத் தலையாட்டினான். அவள் வண்டிகளுக்கு நடுவில் போய் நின்றாள்.

"போட்டி வச்சுக்கலாம். இந்தக் கோயில் மைதானம், இந்தக் கோட்டுல இருந்து அந்த விளக்குக் கம்பம் வரைக்கும். யாரு கடைசியா போய்ச் சேர்றாங்களோ, அவங்க வண்டியில நாங்க ஏறுவோம். பாவாடைக்கு நான் பொறுப்பு. வேணும்னா கம்பியைக் கழட்டிடறேன்."

"கடைசியாவா?" என்றான் விர்ஜில்.

"கடைசியா. நிறுத்தக் கூடாது, பிரேக் போடக் கூடாது, எஞ்சின் நின்னா தோல்வி."

நம் பள்ளிக்கூட மைதானங்களில் சைக்கிளை வைத்து நடத்துகிற அதே போட்டிதான். ஆனால் நானூறு குதிரைகளை ஒரு பெட்டிக்குள் அடைத்து, நத்தையாக நடக்கச் சொன்னால் அவை என்ன செய்யும்? வாண்டாவின் ஷெவெல்லுக்கு ஓடத் தெரியும், குலுங்கத் தெரியும். ஊர்ந்து போகத் தெரியாது. அவள் கேலி செய்த மஸ்டாங்கோ எண்ணெய் போட்ட தொட்டில் மாதிரி சத்தமில்லாமல் ஆடும். விர்ஜிலுக்கும் அது தெரிந்திருந்தது. ஏறும்போது அவளைப் பார்த்து, மெதுவாக, மிக மெதுவாகக் கண்ணடித்தான்.

ஒர்டேகா விசில் ஊதினார்.

வாண்டா கிளட்சை ஒரு மயிரிழை விட்டாள். ஷெவெல் ஒரு தவளைத் தாவல் தாவி, உறுமி, அடங்கி, மறுபடி தாவியது. ஒவ்வொரு தாவலுக்கும் இடது பக்கக் கூட்டம் "ஓ" என்றது. பக்கத்தில் மஸ்டாங் வழுக்கிக்கொண்டு வந்தது. வந்ததா, நின்றதா என்றே தெரியவில்லை. விர்ஜில் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு, கடையில் ஆள் வராத நேரத்தில் தெருவைப் பார்ப்பவன் போல் உட்கார்ந்திருந்தான்.

"அவசரமாம்மா?" என்றான்.

"வாயை மூடுய்யா."

அவள் இடது தொடை நடுங்கியது. கிளட்ச் கருகுகிற வாசனை. கம்பத்துக்கு இன்னும் முப்பது அடி இருக்கும். மஸ்டாங் அவளுக்கு ஒரு வண்டி நீளம் பின்னால். முடிந்தது கதை என்று வாண்டா நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில், இந்தக் கூத்தில் தோற்பதுகூட எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பில் கால் குலுங்கியது, வண்டி இன்னும் இரண்டு தாவல் முன்னால் போயிற்று.

டுவைட்டால்தான் தாங்க முடியவில்லை. ஜெயிக்கப் போகிறோம் என்று தெரிந்த மனிதன் சும்மா நின்றிருக்கலாம். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மஸ்டாங்குக்கு முன்னால் பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தார், இரண்டு கையையும் அதன் மூக்கில் வைத்து, மிரண்ட குதிரையைத் தேற்றுவதுபோல். "மெதுவா, கண்ணு. மெதுவா. அப்படித்தான்."

"தள்ளுங்க சார், தள்ளுங்க," என்றான் விர்ஜில்.

"மெதுவா."

அவருடைய குதிகால் தார்த் தரையின் வெடிப்பில் மாட்டியது. பொத்தென்று உட்கார்ந்தார். விர்ஜில் அலறிக்கொண்டு இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தான். மஸ்டாங் ஒரு விக்கல் விக்கி, எஞ்சினும் அணைந்து நின்றது.

ஷெவெல் மட்டும் தாவித் தாவிப் போய் விளக்குக் கம்பத்தைத் தாண்டியது.

டுவைட் தரையில் உட்கார்ந்தபடியே எல்லோரையும் பார்த்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கோட்டின் பின்பக்கம்தான் தார். முதலில் சிரித்தது ஜோலீன். அப்புறம் மகள். அப்புறம் இடம் வலம் என்று பார்க்காமல் இருநூறு பேரும். மாப்பிள்ளையின் சித்தப்பன்தான் ஓடி வந்து அவரைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

"என் வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது," என்றார் டுவைட் அவனிடம்.

பிறகு ஷெவெல்லிடம் வந்தார். வாண்டா இறங்கி நின்றாள்.

"போட்டின்னா போட்டி. ஏறட்டும். ஆனா என் பொண்ணை வேற ஒருத்தர் ஷெவர்லேயில கூட்டிட்டுப் போறதை நான் பாத்துட்டு நிக்க முடியாது. நானே ஓட்டறேன்."

வாண்டா அந்தச் சாவியை யாருக்கும் கொடுத்ததில்லை. அண்ணன் கேட்டபோதுகூட இல்லை. கையிலிருந்த சாவியைப் பார்த்தாள், எதிரே தார் ஒட்டிய கோட்டோடு நிற்கிற மனிதரைப் பார்த்தாள்.

"மூணாவது கியர் கொஞ்சம் இறுக்கம்," என்று கொடுத்துவிட்டாள்.

அதனால் அவளுக்குப் போவதற்கு வண்டி இல்லை. விர்ஜில் மஸ்டாங்கின் பக்கத்து இருக்கைக் கதவைத் திறந்தான். ஒன்பது வருஷத்தில் அவள் அந்த வண்டிக்குள் காலை வைத்ததில்லை. உட்கார்ந்தாள். இருக்கை இடுப்பைப் பிடித்து அணைத்துக்கொண்டது. சோளக்காடு ஜன்னலில் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"எப்படி இருக்கு?"

"தையல் மெஷின்."

"பல்லு தெரியுது வாண்டாம்மா. சிரிச்சுட்டே சொல்றே."

"வெயில்யா. வெயில் கண்ணுல படுது."

முன்னால் ஷெவெல், வாலில் ரிப்பன் பறக்க, மிக மரியாதையாக முப்பது மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. மண்டபத்தின் வளைவு வந்தது. வாசலில் ஆட்கள் அரிசியும் பூவும் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

ஷெவெல் திரும்பவில்லை.

நேரே போயிற்று. முன்னால் நாலு மைலுக்கு ஒரு வண்டி இல்லாத வெறும் சாலை. ஒரு கணம் அது பதுங்குவது போல் இருந்தது. பிறகு அந்தப் பழைய வி-எட்டு எஞ்சின் தொண்டையைத் திறந்தது. பின் ஜன்னலில் கரீனாவின் இரண்டு கையும் மேலே எழுந்தன.

விர்ஜில் வாண்டாவைப் பார்த்தான்.

"என் வண்டிய்யா அது," என்றாள் வாண்டா. "பாத்துட்டே இருக்கே? மிதி."

இருபது நிமிஷம் கழித்து இரண்டு வண்டியும் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தன. ஜோலீன் இடுப்பில் கை வைத்து வாசலில் நின்றாள். கோழிக்கறி ஆறிவிட்டது, வாத்தியக்காரர்கள் ஒரே பாட்டை மூன்று தடவை வாசித்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது. டுவைட் இறங்கி, கதவை ரொம்ப மெதுவாகச் சாத்தி, சாவியை வாண்டாவின் உள்ளங்கையில் வைத்தார். உடனே விடவில்லை.

"திரும்பற இடம் தெரியலை," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அந்த மண்டபத்துக்கு எதிர்வீட்டில்தான் அவர் பிறந்து வளர்ந்தார்.